அடுக்களை வரை கேட்ட கிளிக்

அத்தியாயம் 5

“முந்தி ஒரு சத்தந்தான் கேக்கும். இப்ப மூணு கேக்குது” என்றாள் ஜெஸ்ஸி.

சொல்லி முடித்த பிறகுதான், இதற்காகவா ஒரு துப்பறியும் ஆபீசின் மாடிப்படி ஏறினோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த துப்பறிவாளர் மலர்விழி சிரிக்கவில்லை. ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த அவளுடைய உதவியாளன் இஷாக்குக்குத்தான் புரை ஏறியது.

“என்ன சத்தம்க்கா? துப்பாக்கியா?”

“கம்ப்யூட்டர்ல மவுஸை அமுக்குற சத்தம்.”

“மேடம், நீங்க கொலைக் கேஸ் வேணும்னு நேந்துக்கிட்டது பலிக்கல.”

“நீ டீயைக் குடி” என்றாள் மலர்விழி. “நீங்க சொல்லுங்க ஜெஸ்ஸி. மொதல்ல இருந்து.”

முதலில் இருந்து சொல்ல அதிகம் இல்லை. மேட்டுப்பட்டியில் வீடு. கணவன் ஆல்வின், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு பார்ப்பவன். சாயங்காலம் வீடு திரும்பியதும் முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பங்குக் கோயில் திருவிழாக் கணக்கு, வீட்டுக் கணக்கு என்று எதையாவது பார்ப்பான். அவள் அடுக்களையில் இருந்து “சாப்பிட வாங்க” என்பாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவனே வந்து நிற்பான். கல்யாணமான நாளில் இருந்து இதுதான் வழக்கம்.

அந்த ஒற்றை ‘டிக்’கைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் உள்ளுக்குள் அதை ஒரு நகையைப் போலப் பூட்டி வைத்திருந்தாள். எத்தனை வேலை திறந்து கிடந்தாலும், தான் கூப்பிட்டால் அத்தனையையும் ஒரே தட்டில் மூடிவிட்டு வருகிற மனிதன். எத்தனை பெண்களுக்கு வாய்க்கும்?

மாசி பிறந்ததில் இருந்து அது மூன்றாகிவிட்டது. டிக். டிக். டிக்.

“ஒவ்வொண்ணுகிட்டயும் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வர்ற மாதிரி இருக்கு. நான் எட்டிப் பார்த்தா ஸ்கிரீன்ல ஒண்ணும் இருக்காது. ஒரு ஆம்பள எதை அம்புட்டு பத்திரமா மூடுவான்?”

“யார் மேலயாவது சந்தேகம் உண்டா?”

பெயர் நாக்கு நுனியிலேயே இருந்தது.

“புவனேஸ்வரி. மில்லுல இவருக்குக் கீழ வேலை பார்த்தவ.”

ஆல்வின்தான் அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தான். ‘இன்னைக்கு புவனா ஒரு ஃபார்முலா போட்டா பாரு, நானே அசந்துட்டேன்’ என்று சாப்பிடும்போது சொல்வான். ஜெஸ்ஸிக்கு அதற்கு மேல் சோறு இறங்காது. ‘அதுக்கென்ன, சொல்லிக் குடுக்க ஆள் இருந்தா யாருந்தான் போடுவாங்க’ என்பாள். புவனேஸ்வரி மில்லை விட்டுப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று, அந்தோனியாருக்கு ஜெஸ்ஸி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பெரிய மெழுகுவர்த்தி.

“அவ திரும்பி வந்துட்டாளோன்னு இருக்கு. சாயங்காலம் வத்தலக்குண்டுல இருந்து எங்க அண்ணன் வண்டி எடுத்துட்டு வாராரு. நான் பெட்டி கட்டிட்டேன். அண்ணன் வந்து தெருவுல நின்னு நாலு வார்த்தை பேசிட்டாருன்னா அதுக்கப்புறம் ஒட்டாது. அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்.”

இஷாக் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

“பெட்டியைப் பிரிச்சிருங்கக்கா. கேஸ் முடிஞ்சிருச்சு.”

மேசை மேல் இருந்த கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். எக்செல்லில் மூன்று கணக்குகளை அடுத்தடுத்துத் திறந்தான். மேல் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கினான். திரையில் இருந்த கணக்கு மறைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. அதை மூடினான், மூன்றாவது நின்றது.

“பழைய எக்செல் கூட்டுக்குடும்பம். எத்தனை கணக்கு இருந்தாலும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கும். வாசக்கதவை அடைச்சா எல்லாம் அடங்கிரும். புதுசு தனிக்குடித்தனம். ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு கதவு. ஒண்ணொண்ணாப் போய் அடைக்கணும். இங்க மாத்தினப்ப நானும் திட்டிக்கிட்டேதான் அடைச்சேன். ஒங்க வீட்டுக்காரரு புது எக்செல் போட்டிருக்காரு, அம்புட்டுதான். டிக், டிக், டிக்.”

ஜெஸ்ஸிக்கு உடம்பே லேசாகிவிட்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணனுக்கு என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே கைப்பையை எடுத்தாள்.

“செத்த நேரம் இருங்க” என்றாள் மலர்விழி. “வீட்டுல எக்செல்லை மாத்தினது யாரு?”

“தெரியலங்க. யாரும் வரலயே. அந்தக் கம்ப்யூட்டரை வெளியாள் தொட்டதே இல்ல. தூசி தட்டுறதுகூட நான்தான்.”

மலர்விழி வண்டிச் சாவியை எடுத்து இஷாக்கிடம் எறிந்தாள்.

“கதவை நாமளே போய் அடைச்சுப் பார்த்துருவோம்.”

*

மேட்டுப்பட்டி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய மலர்விழி, கால்மிதியைப் பார்த்து நின்றாள். குனிந்து அதன் நாரிடுக்கில் இருந்து எதையோ பொறுக்கிக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டாள். காலையில் கூட்டாமல் கிளம்பியதற்காக ஜெஸ்ஸி மனதுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

முன்னறையில் இஷாக் கம்ப்யூட்டரைப் போட்டான். திரை முழுவதும் கல்யாணப் படம். படம் திரைக்கு அடங்காமல் விரிந்து, முக்காட்டோடு நின்ற ஜெஸ்ஸியின் நெற்றி வலதுபக்க மேல் மூலையில் முட்டிக்கொண்டிருந்தது.

“படத்துல நல்லா சிரிக்கிறீங்கக்கா. இவரு ஏன் பரீட்சை எழுதப் போறவரு மாதிரி நிக்கிறாரு?”

கேட்டுக்கொண்டே அவன் வேலையைப் பார்த்தான். திருவிழாக் கணக்கைத் திறந்தான். வீட்டுக் கணக்கைத் திறந்தான். மூன்றாவதாக, தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டக் கணக்கு. எல்லாமே மெழுகுவர்த்தி, பந்தல், ஒலிபெருக்கி வகையறா. மேல் மூலையில் இருந்த குறியை ஒரு முறை அமுக்கினான்.

எல்லாம் போய்விட்டது. கல்யாணப் படம் மட்டும் நின்றது.

மறுபடியும் மூன்றையும் திறந்தான். மறுபடியும் ஒரே அமுக்கு. மறுபடியும் கல்யாணப் படம்.

“பழசுதான் மேடம். கூட்டுக்குடும்பம்.”

“அப்ப ஒரு கிளிக் போதும்.”

“தாராளமா.”

“மீதி ரெண்டு?”

இஷாக் மவுஸை நகர்த்தாமல் இன்னும் இரண்டு முறை அமுக்கினான். டிக். டிக். ஒன்றும் நடக்கவில்லை. அம்புக்குறி படத்தின் மூலையில் அசையாமல் நின்றது.

“மீதி ரெண்டும் ஒங்க நெத்தியில விழுந்திருக்குக்கா.”

ஜெஸ்ஸி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஏன் தொட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“வண்டிக்காரன் தூங்கிப்போனாலும் மாடு பழகின வாசல்ல போய் நின்னுரும்” என்றாள் மலர்விழி. “மாடு எங்க நிக்குதுன்னு பார்த்தா, வண்டிக்காரன் அன்னாடம் எங்க போயிட்டு வாரான்னு தெரிஞ்சிரும். ஒங்க வீட்டுக்காரர் விரலு எங்கேயோ தினமும் புது எக்செல்ல மூணு கணக்கை மூடிப் பழகியிருக்கு. அதே பழக்கத்துல இங்க வந்தும் தட்டுது. அவருக்கே தெரிஞ்சிருக்காது.”

“மில்லுல மாத்தியிருப்பாங்க” என்றாள் ஜெஸ்ஸி அவசரமாக. அப்படி இருக்க வேண்டும் என்று அவள் குரல் கெஞ்சியது.

“இருக்கலாம். கேட்டுருவோம்.”

*

வேடசந்தூர் ரோட்டில் இஷாக் ஆம்னி வேனை விரட்டினான். காற்றில் புழுதி அடித்தது. மலர்விழி முன்சீட்டில் இருந்து திரும்பினாள்.

“மாசிக்கு அப்புறம் வேற என்ன மாறியிருக்கு? சின்ன விசயமா இருந்தாலும் சொல்லுங்க.”

சின்ன விஷயங்களைத்தானே ஜெஸ்ஸி இத்தனை நாளாய்ப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள்.

“சட்டை. மில்லுல இருந்து வந்தா காலர்ல, தலைமுடியில பஞ்சு ஒட்டியிருக்கும். நான்தான் ஒண்ணொண்ணா எடுத்துவிடுவேன். இப்ப ஒரு இழை கெடையாது. யாரோ எடுத்துவிட்டு அனுப்புறா.”

“யாரோ எடுத்துவிடுறா” என்று மலர்விழி மெதுவாகத் திரும்பச் சொன்னாள். “அப்புறம்?”

“புளிக்குழம்பு. என் கையால வைக்கிற புளிக்குழம்புன்னா உசுரை விடுவாரு. மில்லுக்கும் டப்பால அதைத்தான் கேப்பாரு. இப்ப வாசம் புடிச்சாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. தவக்காலத்துக்குப் பிடிச்சது எதையாவது விட்டு ஒறுத்தல் பண்ணுவாங்கல்ல, இவரு புளிக்குழம்பை ஒறுத்துட்டாரு போலன்னு மொதல்ல நெனச்சேன். ஆனா தவக்காலம் ஆரம்பிக்க முன்னாடியே வேண்டாம்னுட்டாரு.”

“புளிக்குழம்பை வேண்டாங்கிற ஆம்பளையை நம்பவே கூடாதுக்கா” என்றான் இஷாக்.

“அவ நல்லா வைக்கிறாளோ என்னவோ.”

சொன்னதும் ஜெஸ்ஸி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறொருத்தி அவனோடு சிரித்துப் பேசுவதை நினைத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. வேறொருத்தி புளிக்குழம்பு ஊற்றுவதை நினைத்ததும் வயிறு பற்றி எரிந்தது.

மலர்விழி மட்டும் முதல் முறையாகச் சிரித்தாள்.

மில் வாசலில் காவலாளி தங்கமுத்து வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆல்வின் பெயரைச் சொன்னதும் எழுந்து வந்தார்.

“ஆல்வின் தம்பியா? அவரு தையோட நின்னுட்டாரேம்மா. ஆபீசுல ஆளைக் கொறைச்சாங்க, அதுல போயிட்டாரு. பாவம், போறன்னைக்கு எனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. நீங்க யாரு, சொந்தமா?”

மலர்விழிதான் கேட்டாள்.

“ஆபீஸ்ல கம்ப்யூட்டர் எல்லாம் புதுசா மாத்துனாங்களாண்ணே?”

“கம்ப்யூட்டரா? என் தலைக்கு மேல இருக்கிற ஃபேனையே மாத்த மாட்டேங்குறாங்க. அவரு பார்த்த அதே பழைய டப்பாதான் கெடக்கு.”

வண்டிக்குத் திரும்பும்போது ஜெஸ்ஸியின் கால் மணலில் புதைந்து புதைந்து வந்தது. தையோடு நின்றுவிட்டான். ஆனால் இன்று காலையிலும் அவள் டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்தாள். ‘மில்லுக்குப் போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் பைக்கை எடுத்தான். அந்த டப்பாவை எங்கே திறக்கிறான்? யார் முன்னால் திறக்கிறான்? யாருக்கு ஒரு வாய் கொடுக்கிறான்?

“அண்ணனை இப்பவே கெளம்பி வரச் சொல்றேன்” என்று போனை எடுத்தாள்.

“ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுக் கூப்பிடுங்க” என்றாள் மலர்விழி. கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில், நொறுங்கிய சில்லுகள். “ஒங்க வீட்டுக்குப் புளி எப்படி வாங்குவீங்க?”

“கடையில. ஓடு, கொட்டை எல்லாம் எடுத்ததா.”

“அப்ப ஒங்க கால்மிதியில புளியம்பழ ஓடு எப்படி வந்துச்சு?”

ஜெஸ்ஸி போனைக் காதில் வைக்காமலே நின்றாள்.

“சட்டையில இருந்து பஞ்சை யாரும் எடுத்துவிடல. பஞ்சு இருக்கிற எடத்துக்கே அவரு போகல. செருப்பு அடியில ஓடு ஒட்டுற எடத்துக்குப் போறாரு. நாள் பூரா புளி வாசத்துல உக்காந்துட்டு வாரவருக்கு ராத்திரி புளிக்குழம்பு எப்படி எறங்கும்? ஒங்க கைப்பக்குவத்து மேல ஒரு குத்தமும் இல்ல.”

“புளின்னா நத்தம்” என்றான் இஷாக். “ஆனா அங்க தடுக்கி விழுந்தா புளிக் குடோன் மேலதான் விழணும். எந்தக் குடோன்னு தேடுறது?”

“எல்லாக் குடோன்லயும் புது எக்செல் இருக்காதுல்ல. ஒன் மச்சானைக் கூப்பிடு.”

இஷாக்கின் மச்சான் பீர் முகமது, திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் விற்றுப் பழுதும் பார்ப்பவர். இஷாக் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“மச்சான், நத்தத்துல புளி யாவாரம் பண்றவங்க யாருக்காவது சமீபத்துல கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்தீங்களா?”

“ஒரே ஒரு பார்ட்டிக்குத்தான்டா. மத்தவன் பூரா இன்னும் விரல் விட்டு எண்ணுறான். பொங்கல் கழிச்சுப் போட்டேன். ஒரு பொம்பளப் பிள்ள. வெவரமான பிள்ள. முந்தி வேடசந்தூர்ல ஏதோ மில்லுல வேலை பார்த்துச்சாம். பேரு வந்து...”

“புவனேஸ்வரி” என்றாள் ஜெஸ்ஸி.

“ஆங், அதேதான். யாருடா அது, கரெக்டா சொல்றது?”

இஷாக் போனை வைத்தான். திண்டுக்கல் தாண்டி நத்தத்துக்கு வண்டியை விட்டான்.

*

ரோட்டோரம் புளியமரங்களுக்குப் பின்னால் இருந்தது அந்தக் குடோன். தகரக் கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். டொக், டொக் என்று சத்தம். வாசலில் ஆல்வினின் பைக் நின்றது. அதில் அவள் ஒட்டிய அந்தோனியார் ஸ்டிக்கர். புனிதரே, உங்களுக்கும் தெரிந்துதான் இருந்ததா?

கொட்டகையை ஒட்டிச் சின்ன ஆபீஸ் அறை. ஜன்னலுக்கு வெளியே புளிச் சாக்குகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மலர்விழி அவளைச் சாக்குகளுக்குப் பின்னால் இழுத்து நிறுத்தினாள். இஷாக் சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் போனான்.

இடுக்கு வழியாக ஜெஸ்ஸி பார்த்தாள். ஆல்வின் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் நின்றவள் புவனேஸ்வரி. ஜெஸ்ஸியின் கற்பனையில் அவள் தினமும் பட்டு கட்டியிருந்தாள். தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். இங்கே கசங்கிய நூல் சேலையை இழுத்துச் செருகி, விரல் எல்லாம் புளிக்கறையோடு நின்றாள். அதுவும் அழகாகத்தான் இருந்தது. அதுதான் ஜெஸ்ஸிக்குத் தாங்கவில்லை. அவள் முடியைப் பிடித்து இழுக்கக் கை தானாக மடங்கியது.

உள்ளே டிக், டிக், டிக் என்று கேட்டது.

“மூணையும் மூடிட்டீங்களாண்ணே? வந்த புதுசுல மாதிரி ஒண்ணை மூடிட்டு எந்திரிச்சுப் போயிராதீங்க. யார் யாருக்கு என்ன வெலை சொல்லியிருக்கோம்னு வர்ற யாவாரி பூரா நின்னு படிச்சிட்டுப் போறான்.”

“மூடிட்டேன் மேடம்.”

ஜெஸ்ஸியின் மடங்கிய கை அப்படியே நின்றது.

மேடம்.

அந்தக் குரலை அவள் வீட்டில் கேட்டதே இல்லை. மீன் முள்ளை விழுங்குகிறவனின் குரல். காதலியை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

புவனேஸ்வரி எடை போடும் இடத்துக்குப் போனாள். இஷாக் உள்ளே நுழைந்தான்.

“சலாம் பாய்... இல்ல, வணக்கம் சார். கல்யாண ஆர்டர் எடுத்துச் சமைக்கிறோம். பிரியாணிக்குத் தொட்டுக்கிற தால்சாவுக்குப் புளி வேணும்.”

“எம்புட்டு வேணும்?”

“மொதல்ல கொஞ்சம் சாம்பிள் குடுங்க. ஆமா, மொதலாளியம்மா ரொம்பக் கெட்டிக்காரங்க போல? வயசும் கம்மியா இருக்கு.”

ஆல்வின் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அதுக்கென்ன” என்றான். “அந்தப் பிள்ளைக்குக் கூட்டல் போடச் சொல்லிக் குடுத்ததே நான்தான். சொல்லிக் குடுக்க ஆள் இருந்தா யாருந்தான் பண்ணுவாங்க.”

சாக்குகளுக்குப் பின்னால் ஜெஸ்ஸி இடுக்கோடு காதை ஒட்டினாள்.

அது ஜெஸ்ஸியுடைய வாக்கியம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், புவனா பேச்சு வரும்போதெல்லாம் அவள் சொன்ன அதே வாக்கியம். அதே இழுப்பு, அதே புளிப்பு. அந்தக் குரல் எதில் இருந்து வரும் என்று உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

அவனுக்குப் பொறாமை. தான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த பெண், இன்று நின்றுகொண்டு தனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்ற பொறாமை. அதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வான்? எந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குச் சோறு இறங்காதோ, அந்தப் பெயரிடம் போய் வேலைக்கு நிற்கிறேன் என்று சொல்ல எந்த வாய் வரும்? ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே பெண்ணைப் பார்த்து இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் வயிறு எரிந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

“உள்ள போகணும்னா இப்பப் போகலாம்” என்றாள் மலர்விழி காதருகே. “வேண்டாம்னாலும் சரி. என் வேலை இதோட முடிஞ்சிருச்சு.”

ஜெஸ்ஸி இன்னொரு முறை இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவன் பின்கழுத்து தெரிந்தது. பஞ்சு இல்லாத காலர். இப்போது உள்ளே போனால், அந்த ‘மேடம்’ அவள் காதில் விழுந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு இந்த மனிதன் அடுக்களை வாசலில் வந்து நிற்கும் விதமே மாறிவிடும்.

“வேண்டாங்க. வண்டியை எடுக்கச் சொல்லுங்க.”

இஷாக் பேப்பரில் கட்டிய புளியோடு வந்து ஏறினான்.

“கொலைக் கேஸுக்கு நேந்துக்கிட்டது பலிக்கலன்னாலும் ஒரு மாசத்துக்குப் புளி வாங்க வேண்டாம் மேடம்.”

திரும்பும் வழியில் ஜெஸ்ஸி அண்ணனைக் கூப்பிட்டாள். “அண்ணே, வண்டி வேண்டாம்.”

“ஏத்தா, காலையில ஒண்ணு சொல்ற, சாயங்காலம் ஒண்ணு சொல்ற. பாதி தூரம் வந்துட்டேன். அவரு திருந்திட்டாரா?”

“அவரு திருந்துறதுக்கு ஒண்ணும் இல்லண்ணே” என்றாள். “ஈஸ்டருக்கு வா. கறி எடுத்து ஆக்குறேன்.”

*

கட்டிய பெட்டியைப் பிரித்துத் துணிகளை மடித்து வைத்தாள். புளி இருந்த ஜாடியை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றினாள். தயிரை எடுத்துக் கடைந்தாள்.

ஆல்வின் வந்தான். “மில்லுல இன்னைக்கு வேலை ஜாஸ்தி” என்றான். அவள் “ம்” என்றாள். அவன் முன்னறையில் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டான்.

சோற்றை வடித்து இறக்கினாள். பிறகு கூப்பிட்டாள்.

“சாப்பிட வாங்க.”

டிக். டிக். டிக்.

அவன் வந்து உட்கார்ந்தான். தட்டில் விழுந்ததைப் பார்த்தான்.

“என்ன, மோர்க்குழம்பு?”

“நாள் பூரா புளிக்குள்ள கெடந்துட்டு வர்ற மனுசனுக்கு ராத்திரியும் புளியையே ஊத்துறதா?”

சோற்றைப் பிசைந்த விரல்கள் நின்றுவிட்டன. அவன் தலை நிமிரவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

“எப்படித் தெரியும்?” என்றான்.

“நீங்க கம்ப்யூட்டரை மூணு தடவை தட்டி மூடுறப்பவே.”

“மூணு தடவையா? நான் ஒரு தடவைதான அமுக்குறேன்?”

“அந்தக் கையாலேயே போய் மூடிக் காட்டுங்க.”

எச்சில் கையைக் கழுவிவிட்டுப் போனான். அவள் பின்னால் போய் நின்றாள். அவன் திருவிழாக் கணக்கைத் திறந்தான், மூடினான். டிக். கணக்கு மறைந்தது. விரல் நிற்கவில்லை. டிக். டிக். அவன் தன் விரலை வேறு யாருடையதோ போல உற்றுப் பார்த்தான்.

“அங்க அப்படித்தான் மூடணும்” என்றான் மெதுவாக. “ஒண்ணை மூடினா போதும்னு நெனச்சு, வந்த புதுசுல தெறந்து போட்டுட்டு வந்துட்டேன். அத்தனை பேர் முன்னால அந்தப் பிள்ள எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. அந்தப் பிள்ள... எனக்கு.” நிறுத்தினான். “வேலை போனதைக்கூட உங்கிட்ட சொல்லியிருப்பேன் ஜெஸ்ஸி. அவகிட்ட போய் நிக்கிறேன்னு சொல்லத்தான் வாய் வரல. நல்ல பிள்ளதான். ஆனா அதைப் பார்த்தாலே வயிறு எரியுது.”

“எனக்கும்” என்றாள் ஜெஸ்ஸி.

அவன் திரும்பிப் பார்த்தான். என்ன சொல்கிறாள் என்று அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் அவன் உதடு கோணியது. சிரிப்பா, வேறா என்று தெரியவில்லை. அவள் அவன் காலரைத் தட்டிவிட்டாள். அங்கே பஞ்சு இல்லை. தட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. இருந்தாலும் தட்டினாள்.

திரையில் கல்யாணப் படம் நின்றது. அம்புக்குறி மூலையில், அவள் நெற்றியின் மேல் அசையாமல் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஜெஸ்ஸிக்குத் தோன்றியது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி.

“அந்தப் பிள்ள மெஷின்ல” என்று கேட்டாள், “எல்லாத்தையும் மூடினதும் பின்னால என்ன படம் வரும்?”

ஆல்வின் யோசித்தான்.

“புளியமரம்.”

“சரி, வாங்க” என்றாள். “சோறு ஆறுது.”